சித்திரையில் கட்டிய கூடைகள்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் போய் மகிழினி என்ன படிக்கிறாள் என்று கேட்டால், "நத்தை முட்டைக்கு ஜுரம் பாக்குது" என்பார்கள். கேலிதான். ஆனால் அதைவிடச் சுருக்கமாகத் தன் ஆராய்ச்சியைச் சொல்ல அவளுக்கே இதுவரை வாய்த்ததில்லை.

கடல்நீர் பருவத்துக்குப் பருவம் சூடாகிறது, குளிர்கிறது. அந்தச் சூட்டைப் பொறுத்து முள்சங்கு என்ற கடல் நத்தையின் முட்டைக்குள் கரு வளர்கிறது, அல்லது வளராமல் போகிறது. எவ்வளவு சூடு வரை தாங்கும், எதைத் தாண்டினால் சாகும் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்டத்துக்கான கேள்வி. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் அப்பா பீம்ராவ், "இந்த ஊர்ல மனுசனுக்கே ஒருத்தனும் ஜுரம் பாக்கல, நத்தைக்குப் பாக்கறாங்களாம்" என்று சிரிப்பார். சிரித்த கையோடு, அவள் எண்ணூருக்குக் கிளம்பும் நாட்களில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

இந்தக் கேள்விக்கென்றே செய்து வைத்தது போல எண்ணூரில் ஓர் இடம் இருந்தது. முகத்துவாரத்தை ஒட்டி ஒரு குப்பம். அதற்கு வடக்கே ஒரு மின்சாரக் கம்பெனி. இயந்திரங்களைக் குளிரவைத்துச் சூடேறிய தண்ணீரை ஒரு வாய்க்கால் வழியாக முகத்துவாரத்துக்குள் கொட்டும். குப்பத்தில் அதற்குச் சுடுதண்ணி வாய்க்கால் என்றே பெயர். தெற்கே, கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவு. அந்தக் கல்லுக்கு வெளிப்பக்கம் திறந்த கடல். தண்ணீர் அந்தந்த மாதத்துக்கு உரிய சூட்டில் இருக்கும். முட்டைக் கொத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை வாய்க்காலில் கட்டு, பாதியைக் கல்லில் கட்டு, எது பிழைக்கிறது என்று பார். சோதனை அவ்வளவுதான்.

கட்டுவதற்குப் படகு வேண்டும். படகு குமாரவேலுடையது. ஐம்பதை நெருங்கும் ஆள், நண்டு வலைக்காரர். முள்சங்குகள் கூட்டமாக வந்து முட்டையிடுவது அவர் வலையில்தான். தேனடை போல ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மஞ்சள் பைகளைப் பிய்த்துக் கரையில் எறிவது அவருக்குப் பெரிய பேஜாரு. ஒரு நாள் மகிழினி ஒரு பையைக் கிழித்து, கையோடு கொண்டுவந்திருந்த சின்ன நுண்ணோக்கியில் வைத்து அவரைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாக ஓட்டோடு சங்குக் குஞ்சுகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. குமாரவேல் கண்ணை எடுக்கவே இல்லை.

"இன்னாமா இது, உள்ளாற ராட்டினம் சுத்துது!" என்றார். "இத்தினி வருசம் இத்தையா நான் பிச்சிப் பிச்சி மண்ணுல போட்டுகினு இருந்தேன்?"

அன்றிலிருந்து அவளைப் பாப்பா என்றும், கேலி தோன்றினால் டாக்டரம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்தார். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடைகளுக்குள் முட்டைக் கொத்தை வைத்து, அவரே கயிறு போட்டு, அவரே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொடுத்தார். டீசல் காசைத் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை. அவர் மனைவி செல்லம்மா அவளைச் சாப்பிடாமல் அனுப்பியதே கிடையாது.

மார்கழி, தை இரண்டு மாதமும் சோதனை கண் முன்னால் நடந்தது. கல்லுப் பக்கத்துக் கரு நிதானமாக வளர்ந்து, நல்ல கெட்டி ஓட்டோடு வெளியே வந்தது. வாய்க்கால் பக்கத்துக் கரு அவசர அவசரமாக வளர்ந்து முன்னதாகவே பொரிந்தது. ஆனால் குஞ்சுகள் சிறுத்து, ஓடு வெங்காயத் தோலாக இருந்தது. குளிர்காலத்தில் சுடுதண்ணீரைத் தாங்கிக்கொள்கிறது, அரைகுறையாக. கத்திரி வெயிலில் என்ன ஆகும்? கடலே சூடேறிக் கிடக்கும் மாதத்தில், அதற்கு மேல் வாய்க்காலின் சூடும் சேர்ந்தால்? எல்லாம் சித்திரையின் கையில்தான் இருந்தது.

அவளுக்கு மட்டும் இல்லை. கம்பெனி இன்னொரு யூனிட் கட்டப்போவதாகவும், முகத்துவாரத்துக்குள் இரண்டாவது சுடுதண்ணி வாய்க்கால் வெட்டப்போவதாகவும் அந்தப் பங்குனியில்தான் செய்தி வந்தது. ஒரு வாய்க்காலுக்கே முகத்துவாரத்தில் இறால் பாதியாகிவிட்டது என்று குப்பம் அடித்துச் சொல்லியது. நிரூபி என்றார்கள் அதிகாரிகள். மீனவன் சொன்னால் அது குறை. பல்கலைக்கழகம் சொன்னால்தான் அது ஆதாரம். ஆவணியில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாள் குறித்தார்கள்.

"சித்திரைல வாய்க்கா பக்கம் செத்து, கல்லுப் பக்கம் பொழச்சிகிச்சின்னா போதும்ணே," என்றாள் மகிழினி. "சூடு வெயிலால இல்ல, வாய்க்காலாலதான்னு யாரும் மறுக்க முடியாது. ஒரே மாசம், ஒரே முட்டை. இங்க சாவுது, அங்க சாவலன்னா வேற இன்னா காரணம் சொல்வாங்க?"

"அப்ப அந்தக் கல்லுப் பக்கத்துக் கூடைங்கதான் நமக்கு உசுரு," என்றார் குமாரவேல். அவரிடம் அதையெல்லாம் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் அவளுக்குப் பலமுறை தோன்றியது.

சித்திரையில் கூடைகளைக் கட்டினார்கள். தண்ணீரின் சூட்டைத் தானாகப் பதிந்துகொள்ளும் கருவி ஒன்றையும் கல்லுப் பக்கம் வைத்தாள். தையில் கூடையோடு சேர்த்துக் கட்டிய முதல் கருவியைக் கடல் கொண்டுபோய்விட்டது; பல்கலைக்கழகத் துறையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். அதனால் இந்த முறை கருவியைப் பாறையில் சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டாள். இனி அது நகராது என்று நிம்மதி. கூடை நகரும் என்று யார் கண்டது?

கருக்கள் இரண்டு பக்கமும் சுழன்றுகொண்டிருந்த சமயத்தில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். கடற்கரைப் பக்கம் யாரையும் விடவில்லை. பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மகிழினி வியாசர்பாடியில் டிவியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். புயல் வரும் வரும் என்று பயம் காட்டிவிட்டு, ஒரு சொட்டு மழைகூடத் தராமல் ஒடிசா பக்கம் திரும்பிப் போய்விட்டது. கூண்டை இறக்கினார்கள். ஓடினாள்.

கல்லில் கூடைகள் கட்டிய இடத்தில், கட்டிய வரிசையில், அதே முடிச்சில் இருந்தன. இழுத்துத் திறந்தாள். உள்ளே முட்டைப் பைகள் எல்லாம் கத்தரிப்பூ நிறம்.

முள்சங்கு முட்டை செத்தால் அப்படித்தான் ஆகும். பார்ப்பதற்கு அழகான நிறம். வாய்க்கால் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அங்கேயும் அதே நிறம். கல்லில் பதித்த கருவியின் பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் சித்திரைக்கு உரிய சூட்டைத் தாண்டவே இல்லை. சுடுதண்ணீர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, வாய்க்கால் இல்லாத இடத்திலும் கரு சாகிறது. சித்திரைச் சூடே போதும் சாவதற்கு.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஒரு ஆராய்ச்சி மாணவி இப்படி ஒரு முடிவுக்காக அழக்கூடாது, அழுதாள். வாய்க்கால் குற்றவாளியாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டது அவள்தான், முட்டை அவள் ஆசைக்கு வளைந்துகொடுக்கவில்லை. தன் ஆசையைப் பார்த்து வெட்கப்பட்டாள். வந்ததை வந்தபடி சொல்வதுதான் படிப்பு என்று தனக்குத்தானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டாள். பேராசிரியர் ரகுபதியிடம் போய், பூசி மெழுகாமல், "சார், ரெண்டு பக்கமும் செத்திருக்கு. வாய்க்கால் காரணம் இல்லை, பருவம்தான் காரணம்னு தெரியுது" என்றாள். அவர் வழிகாட்டி, அவளைவிட இருபது வருடம் கூடுதலாகக் கடலைப் பார்த்தவர். ஒரு கேள்வி கேட்கவில்லை. "நேர்மையான முடிவு, மகிழினி" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு அவளுக்குப் பெருமையாக இருந்ததுதான் இதில் கொடுமை.

அந்த முடிவு ரகுபதியின் மேசையிலிருந்து ஜேக்கப்பின் மேசைக்குப் போனது. கம்பெனிக்காகச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் ஆலோசகர் ஜேக்கப். ரகுபதிக்குப் பழைய மாணவர். போனது அவளுக்குத் தெரியும். தடுக்கவில்லை. உண்மைதானே, யாரிடம் போனால் என்ன என்று இருந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் குமாரவேல் வீட்டுக்குப் போனாள். நாளைக்கு மேடையில் தன் ஆய்வைத்தான் குப்பத்துக்கு எதிராகப் படிப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிடவேண்டும் என்று எண்ணம். சொன்னாள். குமாரவேல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கோபிக்கவில்லை. "நீ இன்னா பண்ணுவ, செத்தத செத்துச்சுன்னுதான் சொல்லணும்," என்றார்.

தட்டில் வஞ்சிரத் துண்டை வைத்துக்கொண்டிருந்த செல்லம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அந்தக் கூடைங்களுக்கோசரம் இந்த ஆளு பட்ட பாடு இன்னா! எல்லாம் நாஸ்தியா பூட்ச்சே," என்றாள். "கூண்டு ஏத்துன அன்னைக்கி ஊரே வலைய சுருட்டிகினு கரையேறுது. இவரு மட்டும் படக எடுத்துகினு மறுக்கா போறாரு. இன்னாய்யான்னு கேட்டா, பாப்பாவோட கூடைங்க கல்லுல கீதுன்றாரு. பொண்டாட்டிக்கோசரம் ஒரு நாளு இப்டி ஓடிக்கீறாரா கேளு!"

"ஏய், சும்மா கெட," என்றார் குமாரவேல். முகம் சிவந்துவிட்டது.

அவர் வெட்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. புயல் கூண்டு ஏறினால், கடலில் கிடப்பது யாருடைய பொருள் என்று அந்தக் குப்பத்தில் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவன் எடுத்துப் பத்திரமான இடத்தில் வைப்பான். சண்டைக்காரன் வலையானாலும் வைப்பான். கூண்டு இறங்கியதும் இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டான். சொன்னால் கூலி கேட்டது போல் ஆகிவிடும். பொருளுக்கு உரியவனும் நன்றி சொல்வதில்லை. இப்படி எத்தனையோ வலைகள் போய் வந்தது அவற்றின் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. இவ்வளவு நல்ல பழக்கம் வேறு எந்த ஊரிலாவது இருக்குமா என்று கேட்டால், இருக்காது. மகிழினியின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

"எங்கண்ணே எடுத்தும்போயி வச்சீங்க?"

"வேற எங்க? முகத்துவாரத்துக்குள்ளாறதான். அங்கதான் அலையே கெடியாது. உன் மத்த கூடைங்க ஏற்கெனவே அங்கதான கீது, அதுங்களோட சேத்து ஒண்ணா கட்டி வுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "கலச்சுப் போடல பாப்பா. கூண்டு எறக்குன ஒடனேயே எது எங்க இருந்துச்சோ அங்கியே கொணாந்து கட்டிட்டேன். ஒரு முட்டைகூடக் கீழ வுழல."

"திருப்பிக் கட்டும்போது பாத்தீங்களா? முட்டை எப்டி இருந்துச்சு?"

"ஜோரா இருந்துச்சு. எல்லாம் கத்தரிப்பூ கலருக்கு வந்துருச்சு. பழுத்துருச்சு, இனிமே குஞ்சு வெளிய வந்துரும்னு நெனச்சிகினேன்."

கல்லுப் பக்கத்து முட்டைகள் கல்லில் சாகவில்லை. சுடுதண்ணீரில் வெந்து, செத்த பிறகு, கல்லுக்குத் திரும்பி வந்திருக்கின்றன. கருவி பாறையோடு பாறையாக உட்கார்ந்து, அந்த முட்டைகள் பார்க்காத தண்ணீரின் சூட்டைப் பதிந்திருக்கிறது. வாய்க்கால்தான் கொன்றது, இரண்டு பக்கத்தையும் கொன்றது. இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஆனால் கையில் இருப்பது நேர் எதிரான ஆதாரம். அதில் அவளுடைய கையெழுத்து.

அப்போதே அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். எதிரில் செல்லம்மா, "இன்னொரு துண்டு வெச்சிக்க கண்ணு" என்று கரண்டியோடு நிற்கிறாள். இந்த மனிதர் தன் பரோபகாரம் வெளியே தெரிந்துவிட்ட வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறார். எப்படிச் சொல்வாள்? வார்த்தையை மென்று சோற்றோடு விழுங்கிவிட்டு, அவசர வேலை என்று எழுந்துவிட்டாள். கை கழுவிய ஈரம் காயுமுன் பஸ் ஏறினாள்.

ரகுபதி அறையில் இருந்தார். நடந்ததைக் கொட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கூடை நகர்ந்ததுன்னு யார் சொன்னது?"

"குமாரவேல் அண்ணன், சார். அவர்தான் எடுத்து வச்சவர்."

"நாளைக்கு அவர் எந்தப் பக்கம் உட்காருவார்?"

அவளுக்குப் புரிந்தது.

"புராஜெக்டை எதிர்க்கிறவர். அறிக்கை எதிராக வந்ததும், கூடையை நான்தான் மாத்திவச்சேன்னு சொல்றார். யார் நம்புவா? நான் நம்பறேன். நான் நம்பி என்ன ஆகப்போகுது?" குரலை இறக்கினார். "ஆய்வைத் திரும்பப் பெறலாம். பெற்றால் உங்க சித்திரை போச்சு. இனி முட்டை வேணும்னா மார்கழி வரைக்கும் காத்திருக்கணும், வெயிலுக்கு அடுத்த சித்திரை. உதவித்தொகை பங்குனியோட முடியுது. யோசிச்சுக்கங்க, மகிழினி. நாளைக்குக் கூட்டத்தில் நீங்க பேசணும்னு கட்டாயம் இல்லையே."

ரகுபதி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, எதையும் செய்யாமல் இருக்கிறவரை என்ன செய்வது?

மறுநாள் காலை குப்பத்துக்கு வெளியே சாமியானா போட்டிருந்தார்கள். போலீஸ் ஒரு வரிசை, மோர்ப் பாக்கெட் ஒரு வரிசை. மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் ரகுபதி. முன் நாற்காலிகளில் வேலை வாய்ப்பு வேண்டும் என்று அட்டை பிடித்துக்கொண்டு, குப்பத்தில் யாருக்கும் முகம் தெரியாத ஒரு கூட்டம். குப்பத்துக்காரர்கள் பின்னால் நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் தேசிங்குக்குப் பக்கத்தில் குமாரவேல், வெளுத்த சட்டையில்.

குமாரவேலைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட இருமுறை எழுந்தாள். இருமுறையும் யாராவது வந்து அவளைப் பேசவைத்துவிட்டார்கள். அப்படித்தான் பின்னால் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஜேக்கப் நல்ல தமிழில் பேசினார். யாரையும் குறைத்துச் சொல்லவில்லை. "வடசென்னையில் பிறந்து, உங்கள் படகிலேயே ஏறி, உங்கள் வலையில் கிடைத்த முட்டைகளை வைத்து ஒரு பெண் செய்த ஆய்வு இது. கம்பெனி செய்தது அல்ல," என்றார். "வாய்க்காலே இல்லாத கல்லுப் பக்கத்திலும் கோடையில் கரு சாகிறது. ஆக, இது இயற்கையான பருவ மாற்றம். வாய்க்காலை மூடினாலும் சித்திரையை மூட முடியாது." முன் வரிசை கை தட்டியது.

மகிழினி மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"அந்த ஆய்வு செல்லாது. அதைச் செய்தவள் நான்தான், நானே சொல்கிறேன். புயல் கூண்டு ஏற்றிய நாட்களில் கல்லுப் பக்கத்துக் கூடைகள் அங்கே இல்லை. சுடுதண்ணி வாய்க்காலில் இருந்தன. அங்கேதான் செத்தன. எனக்கு நேற்றுதான் தெரியும். முடிவைத் திரும்பப் பெறுகிறேன்."

முன் வரிசையில் அட்டைகள் ஒரு நொடி தாழ்ந்தன. அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்துவிட்டாள்.

ஜேக்கப் குரலை உயர்த்தவில்லை. "உங்கள் நேர்மைக்கு வணக்கம், சகோதரி. கூடைகளை நகர்த்தியது கம்பெனி ஆட்களா?"

"இல்லை."

"பிறகு யார்?"

அவள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் சமாளித்துவிடலாம் என்று ஒரு கணம் நம்பினாள். ஆனால் அவளையும் மீறிக் கண் பின்வரிசைக்குப் போனது. குமாரவேல் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புரிந்தது, புரிந்தது முகத்தில் தெரிந்தது. மறைக்கத் தெரியாத மனிதர். கையைத் தூக்கினார்.

"நான்தான் சார். பாப்பாவுக்குத் தெரியாது. கூண்டு ஏத்திட்டாங்க, கூடைங்க அடிச்சிகினு போய்டுமேன்னு எடுத்து வெச்சேன்."

"நல்ல எண்ணம்தான். நீங்க இந்தத் திட்டத்தை ஆதரிக்கிறீங்களா, எதிர்க்கிறீங்களா?"

"எதிர்க்கறேன் சார்."

"நன்றி," என்றார் ஜேக்கப். அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை. முன் வரிசையில் ஒருவன் சிரித்தான். ஒருவன் தொடங்கினால் போதுமே.

அதிகாரி குனிந்து எழுதியதை மைக்கில் எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார்: திட்டத்தை எதிர்க்கும் தரப்பினர் ஆய்வு உபகரணங்களில் தலையிட்டதாக ஒப்புக்கொண்டனர். மகிழினி எழுந்து, அது அப்படி இல்லை என்றாள். உங்கள் நேரம் முடிந்தது, உட்காருங்கள் என்றார்கள். சுடுதண்ணீர் கொல்லவில்லை என்பதற்கு இருந்த ஆதாரம் போயிற்று. கொல்கிறது என்பதற்கு ஆதாரம் வரவும் இல்லை. ஓரத்தில் ரகுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். பின்வரிசையில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தேசிங்கு குமாரவேல் பக்கம் திரும்பினார். இருபது வருடமாக ஒரே துறையில் படகு இறக்குகிறவர்கள்.

"உனுக்கு இன்னாத்துக்குடா அது? அடுத்தவங்க பொருள நீ ஏன் தொட்ட?"

அந்தக் குப்பத்தில் இதற்கு முன் யாரும் யாரையும் கேட்டிராத கேள்வி. குமாரவேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து வேறொரு குரல், "எவ்ளோ வாங்குன, குமாரு?" என்றது. யார் என்று திரும்பிப் பார்த்தார். எல்லா முகமும் ஒன்றுபோல மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கூட்டம் கலைந்து, சாமியானாவைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது வாய்க்காலுக்கு இனி எந்தத் தடையும் இல்லை என்று பந்தல் பிரிக்கிறவனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. குப்பத்து ஆட்கள் டீக்கடை முன்னால் கும்பலாக நின்றார்கள். குமாரவேல் அங்கே போகவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்ற மகிழினியிடம் வந்தார். கண்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. லாரிச் சத்தம் ஓய்வதற்காகக் காத்திருந்தார்.

"நேத்தே என் வூட்டுல சொல்லியிருக்கலாமே பாப்பா."

"சொல்ல வாய் வரலண்ணே. அண்ணி சோறு போட்டுகினு இருந்தாங்க..."

"ம்." அந்தப் பதில் போதும் என்பது போலத் தலையாட்டினார். "ஒண்ணு மட்டும் சொல்லு. நான் தொடாம வுட்டிருந்தா, அதுங்க அங்கியே பொழச்சிருக்குமா?"

புயல் திசை மாறிப் போன அந்த நாட்களில் கல்லில் ஒரு பெரிய அலைகூட அடிக்கவில்லை. அது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார். இல்லையண்ணே, எப்படியும் செத்திருக்கும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து உண்மையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வேறு எதுவும் நாக்கில் இல்லை.

"பொழச்சிருக்கும்ணே."

அவர் சட்டையில் படிந்த லாரிப் புழுதியைத் தட்டிவிட்டார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இன்னைக்கி எப்டியும் தோத்துத்தான் போயிருப்போம். அது தெரிஞ்சிதான் எல்லாரும் சட்டைய மாட்டிகினு வந்தோம்," என்றார். "ஆனா நான் எங்காளுங்களோட சேந்து தோத்திருப்பேன்."

அவளுடைய பஸ் வந்தது. ஏறாமல் நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வார்த்தையைத் தேடினாள். அதற்குள் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வழக்கமாகப் போகும் டீக்கடை வழியில் திரும்பவில்லை. கம்பெனியின் சாம்பல் குழாய் ஓரமாக, சேற்றில் கால் வைத்து, பிறந்து வளர்ந்த குப்பத்துக்குப் பின்பக்கமாகப் போனார்.